கொசுவலைக்கு ஒரு பிராது

என் தம்பி சிங்காரம் சோம்பேறித்தனத்தால செத்தான்னு பன்னண்டு வருஷமா இந்த மரக்காணத்துல பேச்சு. பேசின வாயிங்க எல்லாம் இப்போ கொஞ்சம் மூடிக்கிட்டு நான் சொல்றதைக் கேளுங்க.

பட்டாளத்துக்குப் போனவன் சண்டையில குண்டு பட்டுச் செத்தா ஊரே மாலை போடும். என் தம்பி காய்ச்சல் வந்து செத்தான். அதுவும் நம்ம தேசத்துல இல்ல, காங்கோவுல. ஆப்பிரிக்காவுல இருக்குதாம் அந்த ஊரு. அங்க இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் அடிச்சிக்கிட்டாங்களாம். விலக்கி விடறதுக்கு ஐ.நா. சபை நம்ம பட்டாளத்தைக் கூப்பிட்டுதாம். பம்பாயில கப்பல் ஏறி, தலையில நீலத் தொப்பி வெச்சுக்கிட்டுப் போனான். போறப்போ அவனுக்கு இருபத்தோரு வயசு. எழுதின லெட்டர்ல எல்லாம் ஒரே பாட்டுதான். ஆறு பெருசா இருக்குது, மழை பெருசா இருக்குது, புல்லு ஆள் உயரம் இருக்குது, நான் சௌக்கியம். ஒரே ஒரு தடவை எலுமிச்சங்கா ஊறுகா அனுப்ப முடியுமான்னு கேட்டிருந்தான். அனுப்பறதுக்குள்ள அவனே போயிட்டான்.

அறுபத்திரெண்டுல இங்கிலீஷ்ல ஒரு கவர் வந்துச்சு. போஸ்ட் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு படிச்சுச் சொன்னாரு. மலேரியா கண்டு இறந்துட்டாராம். கொசுவலையும் மாத்திரையும் ஒழுங்கா குடுத்திருந்தும், வலை கட்டாம தூங்கினது சிப்பாயோட அஜாக்கிரதையாம். விசாரணை பண்ணி முடிச்சிட்டாங்களாம். சுத்தி ஆளுங்க நின்னாங்க, எல்லார் காதுலயும் விழுந்துச்சு. அன்னியிலிருந்து ஊர்ல எவன் வேலைக்கு லேட்டா வந்தாலும் "சிங்காரம் மாதிரி தூங்கிட்டியா"ன்னு கேலி. எங்கம்மாவே அவனைத்தான் திட்டிச்சு. "ஒரு வலையைக் கட்டிக்கிட்டுப் படுக்க உனக்கு இன்னாடா வலிச்சுது பாவி"ன்னு செத்த புள்ளையைத் திட்டித் திட்டியே நாலாம் வருஷம் அதுவும் போய்ச் சேர்ந்துச்சு. பெத்தவ வாயாலயே அவனுக்குக் கெட்ட பேரு. இதை நான் எப்படி மறப்பேன்?

நான் கொளஞ்சியம்மாள். உப்பளத்துல உப்பு வாருறது என் வேலை. பக்தவச்சலம்னு ஒருத்தரு லீசுக்கு எடுத்த பாத்தியிலதான் அஞ்சு வருஷமா வேலை. பட்டாளத்துல ஹவில்தாரா இருந்து வந்தவரு, வந்தவாசிப் பக்கம் சொந்த ஊரு. ஊர்ல எல்லாரும் மிலிட்டரி ஐயான்னு கூப்பிடுவாங்க. ஷெட்டுல நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெரிய ரேடியோவுல நியூஸ் கேட்பாரு. வெடுக்குனு பேசுவாரே தவிர, கை நீட்ட மாட்டாரு. தம்பி பட்டாளத்துல செத்தவன்னு அவருக்குத் தெரியும். "எந்த ரெஜிமென்ட்டு?"ன்னு ஒரு நாள் கேட்டாரு. நான் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை கேட்கல. துக்கத்தைக் கிளற வேணாம்னு பெரிய மனுஷன் நினைச்சாரு போலன்னு நானும் நினைச்சேன். நினைச்ச புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

இந்த வருஷம் மாசி மாசம், இரும்பையிலிருந்து தேசப்பன்னு ஒரு ஆளு மாட்டு வண்டி ஓட்டிக்கிட்டு வந்தாரு. ஆரோவில்ல வேலையாம். வெள்ளைக்காரங்க தென்னங்கன்னு நடறாங்க, குழியில போட உப்பு வேணும்னு வந்தாரு. மூட்டை கட்டிக்கிட்டிருந்தப்போ ஷெட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாரு. அப்படியே நின்னுட்டாரு. கையில இருந்த சாக்கு கீழே விழுந்துடுச்சு.

"யாருங்க அது?"ன்னு என்கிட்ட கேட்டாரு.

"எங்க மொதலாளி. மிலிட்டரி ஐயா."

"பக்தவச்சலமா?"

"ஆமா, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா?"ன்னாரு. எச்சிலைத் துப்பினாரு. "காங்கோவுல எங்க கம்பெனி ஸ்டோர் இவன் கையிலதான் இருந்துச்சு. இந்த ஊர்க்காரன் ஒருத்தன் எங்க கூட இருந்தான். சிங்காரம்னு பேரு. அவன் ஊட்டு ஆளுங்க யாராவது இருக்கிறாங்களா?"

"நான்தான். அக்கா"ன்னேன்.

அந்த மனுஷன் அழுதுட்டாரு. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னாடி உட்கார்ந்து முழுசா சொன்னாரு. ஆத்தோரம் ஒரு பாலம், அதைக் காவல் காக்கப் பன்னண்டு பேரு. டென்ட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. பூட்ஸ் நனைஞ்சு நனைஞ்சு விரல் இடுக்கெல்லாம் வெள்ளையா அழுகிப் போச்சாம். அதைக் கூட தாங்கிக்கிட்டாங்க. கொசுதான் தாங்கல. பன்னண்டு பேருக்கு நாலே வலை. ஒரு வலைக்குள்ள மூணு பேரு தலையை மட்டும் விட்டுக்கிட்டு, உடம்பை வெளியில போட்டு, மழைக்கோட்டைச் சுத்திக்கிட்டுப் படுப்பாங்களாம். கோட்டுக்குள்ள வேர்வையில வெந்து போகும், விலக்கினா கொசு பிடுங்கும்.

"மீதி வலை எங்கே போச்சு?"ன்னு கேட்டேன்.

"டவுனுக்குப் போச்சு. லாரியில போச்சு. அங்க ஒரு கிரேக்கக் கடைக்காரன் இருந்தான். வலை, கம்பளி, பால் டின்னு எல்லாம் அவன்கிட்ட. அவன் கிட்டேருந்து ரேடியோவும் கைக்கடிகாரமும் இவன்கிட்ட. மாத்திரையிலயும் பாதிதான் எங்களுக்கு. ஆனா தினம் சாயங்காலம் மாத்திரை முழுங்கினேன்னு கையெழுத்துப் போடணும். போடலைன்னா சார்ஜ் எழுதி தண்டனை குடுப்பாங்க. நாங்க எல்லாரும் போட்டோம் அக்கா. நானும் போட்டேன். அதனாலதான் உங்க மூஞ்சில முழிக்கத் தைரியம் இல்லாம இத்தனை வருஷம் இரும்பையிலேயே கிடந்தேன்."

"அப்போ அஜாக்கிரதைன்னு எழுதினது?"

"விசாரணைக்கு ரிஜிஸ்டர் குடுத்தது இவன்தான். சிங்காரத்துக்கு வலை குடுத்தாச்சு, மாத்திரை குடுத்தாச்சுன்னு இவன் எழுதின ரிஜிஸ்டர்."

நான் உப்பு வாருற பலகையைக் கீழே போட்டுட்டு நேரா ஷெட்டுக்குப் போனேன். போய் நாலு வார்த்தை கேட்டேன். பக்தவச்சலம் ரேடியோவை நிறுத்தக் கூட இல்ல. "பட்டாளத்து விஷயம் உப்பு வாருறவளுக்கு இன்னா தெரியும்? எல்லாம் ரெக்கார்டுல இருக்குது. போ போ, வேலையைப் பாரு"ன்னான். பாத்தீங்களா, இப்போ அவன் இவன்னு வந்துடுச்சு. இனிமே அப்படித்தான் வரும்.

"ரெக்கார்டா? உன் ரெக்கார்டுல நெருப்பை வைக்க"ன்னேன். "இனிமே இந்தப் பாத்தியில கால் வைக்காதே"ன்னான். "நீ கூப்பிட்டாலும் வைக்க மாட்டேன்டா"ன்னு வந்துட்டேன்.

போலீசுக்குப் போனா சிரிப்பாங்க. பட்டாளத்துக்கு எழுதினா பதிலு என் பேரப் புள்ளைக்குத்தான் வரும். எங்க ஊர்ப் பக்கம் இதுக்கெல்லாம் வேற கோர்ட்டு ஒண்ணு இருக்குது. விருத்தாசலம் பக்கத்துல கொளஞ்சியப்பர் கோயிலு. எனக்கு பேரே அந்தச் சாமி பேருதான். நியாயம் கிடைக்காதவங்க அங்க போய் பிராது கட்டுவாங்க. யாரு, எந்த ஊரு, இன்னா அநியாயம் பண்ணான், இன்னா ஆகணும்னு காகிதத்துல எழுதி, உன் ஊர்லேருந்து கோயிலு எத்தனை கிலோமீட்டரோ அதுக்குத் தகுந்த கட்டணம் கட்டி, சாமி முன்னாடி இருக்கிற வேல்ல கட்டிடணும். மூணு மாசத்துல சாமி கேட்டுடும். எதிராளி வழிக்கு வந்துட்டா, நாமளே திரும்பிப் போய் ராஜினாமா எழுதிக் குடுத்து பிராதைத் தள்ளிக்கணும். தள்ளிக்காம விட்டா சாமி விடாம கேட்டுக்கிட்டே இருக்கும்.

என் கூட வேலை செய்யற பாஞ்சாலையைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு, பங்குனியில பஸ் ஏறிப் போனேன். எனக்கு எழுத வராது. கோயில் வாசல்ல எழுதறதுக்குன்னு ஒரு பெரியவரு உட்கார்ந்திருந்தாரு. நான் சொல்லச் சொல்ல எழுதினாரு. கடைசியில "அவனும் அவன் வம்சமும் வெளங்காம போகணும்"னு சொன்னேன். அவரு பேனாவை நிறுத்திட்டாரு.

"வம்சத்தை எதுக்கும்மா இழுக்கறே? செஞ்சவன் பேரு போதாதா?"

"எங்க வம்சம் அங்க கொசுக்கடியில போச்சுங்க. நீங்க எழுதுங்க."

"இன்னொரு தரம் யோசிச்சுக்கோ."

"யோசிச்சுட்டுதான் பஸ் ஏறினேன்."

பாஞ்சாலை கூட முழங்கையால இடிச்சா. நான் கேட்கல. அவரு எழுதிட்டாரு. கட்டிட்டு வந்துட்டேன்.

ஊருக்கு வந்ததும் ஒரு ஆளு விடாம சொன்னேன். குழாயடியில சொன்னேன், ரேஷன் கடையில சொன்னேன், பஸ் ஸ்டாண்டுல டீக்கடை ஜஹாங்கீர் பாய்கிட்ட சொன்னேன். "மிலிட்டரி ஐயா பேர்ல பிராது கட்டிட்டேன், தொண்ணூறு நாள் கணக்கு"ன்னேன். பக்தவச்சலம் காதுக்கும் போச்சு. "சாமியாவது பூதமாவது, நான் பீரங்கியைப் பார்த்தவன்"னு சிரிச்சானாம். சிரிடா, சிரின்னு இருந்தேன். அடுத்த லீசுக்காரரு பாத்தியில கூலிக்குப் போய்க்கிட்டே அவன் ஷெட்டை தினம் பார்த்துக்கிட்டிருந்தேன்.

சித்திரையில மழை அடிச்சுது. மூடாம கிடந்த அவன் உப்பு அம்பாரம் பாதி கரைஞ்சு ஓடிச்சு. எல்லார் உப்பும்தான் கரைஞ்சுது, பொய் சொல்லக் கூடாது. ஆனா நான் அவனோடதை மட்டும் நின்னு வேடிக்கை பார்த்தேன். எனக்கு அன்னிக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்துல கூட இல்ல. அடுத்தது தண்ணி இறைக்கிற எஞ்சினு ஜாம் ஆச்சு. "கேட்குதுடி உங்க சாமி"ன்னு பாஞ்சாலை சொன்னா. "இது முன்பணம்தான்"னு சொன்னேன்.

வைகாசியில அவன் பொண்ணு தெய்வநாயகி பிரசவத்துக்கு வந்துச்சு. ஏழு மாசம். வந்த பத்தாம் நாளு குளிர் காய்ச்சல். நாலு கம்பளி போட்டும் நடுக்கம் நிக்கல, கட்டிலே ஆடுதுன்னு சொன்னாங்க. பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியான்னு சொல்லிட்டாங்க.

மலேரியா. என் தம்பியைக் கொன்ன அதே காய்ச்சல். சந்தோஷப்படலாம்னு பார்த்தேன், வரல. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்கு முன்னாடி ஷெட்டுல உட்கார்ந்து எங்களுக்கு மோரு ஊத்திக் குடுத்திருக்குது.

ரெண்டாம் நாளு காலையில என் ஊட்டு வாசல்ல சைக்கிள் மணி. பக்தவச்சலம். முகத்துல நாலு நாள் தாடி. சட்டை பட்டன் மாத்திப் போட்டிருந்தான். பீரங்கியைப் பார்த்தவன் என் வாசப்படிக்குக் கீழே நின்னான்.

"கொளஞ்சி, பிராதைத் தள்ளிடும்மா. நீ இன்னா கேட்டாலும் தர்றேன்."

"உன்கிட்ட எனக்கு வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"தாயும் புள்ளையும் பொழைக்கும்னு சொல்ல முடியாதுங்கறாரு டாக்டரு. உனக்கு என் மேலதானே கோவம்?"

"உன் மேலதான்."

"அப்போ இன்னா பண்ணணும், சொல்லு."

எனக்கு அதுக்கு பதிலு மாசி மாசத்துலேருந்து தயாரா இருந்துச்சு. "நாளைக்குக் காலையில வேலைக்கு ஆளுங்க எறங்கறதுக்கு முன்னாடி, ஷெட்டு வாசல்ல நின்னு, சிங்காரம் எப்படிச் செத்தான்னு நீ சொல்லணும். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லணும். சொன்னா அன்னிக்கே பஸ் ஏறிப் போய் ராஜினாமா பண்றேன்."

"அவ்வளவுதானா?"ன்னான். அவ்வளவுதானான்னு கேட்டான் பாருங்க. அவனுக்கு அது சின்ன விஷயமாம்.

தேசப்பனுக்கு ஆள் அனுப்பினேன். விடிய விடிய நடந்து வந்துட்டாரு. காலையில ஒரு அறுபது பேரு கூடியிருப்பாங்க. பக்கத்துப் பாத்தி ஆளுங்க, லாரி லோடு ஆளுங்க எல்லாம். பக்தவச்சலம் ஷெட்டு வாசல்ல வந்து நின்னான். பழக்கதோஷம், கையை உடம்போட ஒட்டி வெச்சுக்கிட்டு விறைப்பா நின்னான்.

"காங்கோவுல சில சாமான் குறைஞ்சுது"ன்னு ஆரம்பிச்சான்.

"சில சாமானா? பேரு இல்லையா அதுக்கு?"ன்னேன்.

"கொசுவலை. வலையை வித்துட்டேன். மாத்திரையும் பாதி வித்தேன். சிங்காரத்துக்கு வலை குடுக்கல. குடுத்ததா நான்தான் ரிஜிஸ்டர்ல எழுதினேன். அவன் மேல தப்பு இல்ல."

எங்கம்மா இதைக் கேட்க இல்லையேன்னு நினைச்சேன். இதோட முடிஞ்சிருந்தா நான் சொன்ன வாக்கை காப்பாத்தியிருப்பேன். சத்தியமா காப்பாத்தியிருப்பேன். தேசப்பன் முன்னாடி வந்தாரு.

"ஹவில்தார் சாப். சிங்காரத்துக்குக் காய்ச்சல் கண்ட அன்னிக்கு நான் நாலு மைலு நடந்து உன் டென்ட்டுக்கு வந்தேன். அவனுக்கு மட்டும் ஒரு வலை குடுன்னு கால்ல விழுந்தேன். இன்னா சொன்னே?"

"ஸ்டாக் இல்லன்னு சொன்னேன்."

"அப்போ உன் டென்ட்டுல எத்தனை வலை கட்டியிருந்துச்சு?"

பக்தவச்சலம் தலையைக் குனிஞ்சிக்கிட்டான்.

"பொண்ணு ஆஸ்பத்திரியில கிடக்குது. சொல்லிடு"ன்னு பாஞ்சாலை கத்தினா.

"ரெண்டு. ஒண்ணு எனக்கு."

"இன்னொண்ணு?"

"ரேடியோவுக்கு. ராத்திரியில பூச்சி உள்ள போய் பாழாக்குதுன்னு மேல கட்டியிருந்தேன்."

ரேடியோவுக்குக் கட்டியிருந்தானாம். என் தம்பி நடுங்கி நடுங்கிச் செத்துக்கிட்டிருக்கிறான், ரேடியோ வலைக்குள்ள சுகமா தூங்குது. நான் பாய்ஞ்சுட்டேன். மூணு பொம்பளைங்க என் இடுப்பைப் புடிச்சு இழுத்தாங்க. இல்லன்னா அன்னிக்கு அவன் காதுல ஒண்ணு என் பல்லுல இருந்திருக்கும்.

ஆனாலும் பஸ் ஏறினேன். வாக்குன்னு ஒண்ணு குடுத்துட்டேனே. திண்டிவனம், விழுப்புரம்னு மாறி மாறிப் போறப்போ பாஞ்சாலை என் கையை விடவே இல்ல. "தள்ளிட்டு வந்துடுடி, பொண்ணு பாவம்"னு வழி முழுக்க சொல்லிக்கிட்டே வந்தா. "சரிடி, சரிடி"ன்னேன்.

எழுதற பெரியவரு அதே இடத்துல உட்கார்ந்திருந்தாரு. ராஜினாமான்னு சொன்னதும் காகிதத்தை எடுத்து நாலு வரி எழுதிட்டு, படிச்சுக் காட்டினாரு. "எதிராளியோட சமாதானம் ஆகி, மனசாரப் பிராதைத் தள்ளிக்கிறேன். சரிதானே? கைநாட்டு வை"ன்னாரு.

கட்டைவிரல்ல மையைத் தடவிக்கிட்டேன். காகிதத்துக்கு மேல விரலு நிக்குது, எறங்க மாட்டேங்குது.

"மனசாரன்னு எழுதியிருக்கீங்களா?"

"அப்படித்தானம்மா எழுதணும். சாமி சந்நிதியில வேற எப்படி எழுதறது?"

"மனசு ஆகலீங்களே."

"அப்போ எதுக்கு வந்தே?"

"பொண்ணுக்காக வந்தேன். ஏழு மாசம். அவன் பொண்ணு." எனக்குக் கண்ணுல தண்ணி கட்டிக்கிச்சு. சாமி சந்நிதியில பொய்க் கைநாட்டு வெச்சவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியும். ரிஜிஸ்டர்ல பொய் எழுதினவன் ஒருத்தன் பத்தாதா? நானும் எழுதணுமா? "ஐயா, பிராதுல ஒரு வார்த்தையை மட்டும் எடுக்க முடியுமா?"

"எந்த வார்த்தை?"

"வம்சம். அன்னிக்கே நீங்க சொன்னீங்க. என் வாய்க்கொழுப்பு. அதை மட்டும் அடிச்சுடுங்க. பொண்ணு இதுல எதிராளி இல்ல, வயித்துல இருக்கிறது எதிராளி இல்லன்னு எழுதுங்க. அதுக்கு மனசார கைநாட்டு வைக்கிறேன்."

"தகப்பன்?"

"தகப்பன் அப்படியே இருக்கட்டும்."

பெரியவரு பேனாவைக் கீழே வெச்சாரு. இப்படி இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லன்னாரு. அப்புறம் புதுக் காகிதம் எடுத்து எழுதினாரு. கைநாட்டு வெச்சேன். விரலு தானா எறங்கிச்சு. நானே போய் வேல்ல கட்டினேன். பாஞ்சாலை வாயில கை வெச்சுக்கிட்டு நின்னா.

ஊரு வந்து நாலு நாள்ல பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு. டாக்டரு ஊசி கேட்டுச்சோ, சாமி கேட்டுச்சோ, எனக்கென்ன தெரியும். புள்ளையும் வயித்துல அசையுதுன்னு சொன்னாங்க. அதைக் கேட்டுட்டு நானும் நல்லா சாப்பிட்டேன்.

அஞ்சாம் நாளு பக்தவச்சலம் உப்பளத்துக்கே வந்தான். கையில தட்டு, தட்டுல தேங்கா, பழம், எனக்கு ஒரு புடவை. முகத்துல பழையபடி சவரம். வரப்பு மேல நின்னுக்கிட்டு சிரிச்சான்.

"ரொம்ப நல்லதும்மா. ராஜினாமா ஆச்சு, என் பொண்ணு பொழைச்சுது. உன்னை மறக்க மாட்டேன்."

"ராஜினாமா ஆகல."

"இன்னா சொல்றே?"

"உன் பொண்ணை மட்டும் விடுவிச்சேன். வயித்துல இருக்கிறதையும் விடுவிச்சேன். உன் பேரு அங்கதான் வேல்ல தொங்கிக்கிட்டிருக்குது."

தட்டைச் சாய்ச்சுட்டான். ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு பாத்தித் தண்ணியில விழுந்துச்சு. "எல்லார் முன்னாடியும் நின்னு சொன்னேனே. நீ வாக்கு குடுத்தியே!"

"குடுத்தேன். தவறிட்டேன். ரேடியோவுக்கு வலை கட்டினதைச் சொல்றதுக்கு முன்னாடி குடுத்த வாக்கு அது. ஊர்ல போய் கொளஞ்சி வாக்கு தவறினவள்னு சொல்லிக்கோ. எனக்கு வெக்கம் இல்ல."

"இன்னாத்துக்கும்மா இப்படி? எனக்கு அம்பது தாண்டிடுச்சு. இனிமே ஒரு தலைவலி வந்தாக்கூட நான் இதைத்தானே நினைச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

"கிட."

அவன் அப்படியே வரப்புல உட்கார்ந்துட்டான். சின்னக் குரல்ல கேட்டான். "எப்போதான் தள்ளிக்குவே?"

நான் பலகையை எடுத்துக்கிட்டு பாத்தியில எறங்கினேன்.

"நீ முதல்ல போய்ச் சேரு. உன் கருமாதி முடியட்டும். மறுநாள் முதல் பஸ்ஸைப் புடிச்சுப் போய் மனசார கைநாட்டு வெச்சுட்டு வர்றேன்."